சோப்பு வாங்க செல் நம்பர் எதற்கு?

ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போய் ஒரு சோப்பு வாங்கினாலும், பில் போடுமுன் செல் நம்பர் கேட்கிறார்கள். மறுத்தால் மரியாதையாக இருக்காதென்று நம் வயதுக்காரர்கள் சொல்லிவிடுகிறோம்.

மறுப்பது நம் உரிமை. நம்பர் கேட்டு வற்புறுத்தக் கூடாதென்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே தீர்ப்பளித்துவிட்டது.

பென்ஷன் வரும் கணக்குக்கான ஓ.டி.பி.யும் அதே நம்பருக்குத்தான் வருகிறது. பெயரும் நம்பரும் கைமாறினால், "பேங்க்கிலிருந்து பேசுகிறோம்" என்று பெயர் சொல்லி அழைக்கும் மோசடிக்காரனுக்குப் பாதி வேலை மிச்சம்.

சாமானை வீட்டுக்கு அனுப்பச் சொன்னால் நம்பர் தரலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. மற்றபடி, "நம்பர் வேண்டாம் தம்பி, பில் மட்டும் போடுப்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.