அழுகைக்கு எந்தத் துப்பாக்கி பயப்படும்?

போன மாதம் பெங்களூரு சந்தாபுராவில், ஓசூர் சாலை இரைச்சல் கேட்கும் ஓர் அடுக்ககத்தின் மொட்டைமாடியில், ஈழப் பெண்களின் போர்க்காலக் கவிதைகளைப் பற்றிப் பேச ஒருவரை அழைத்திருந்தோம். "எல்லாம் ஒப்பாரிதாங்க. மனசை உருக்கும், ஆனா அதுல அரசியல் கிடையாது" என்றார். கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை மேடையில் கேட்டாயிற்று இதை!

அரசியல் இல்லையென்றால் கவிஞர் செல்வியை ஏன் கடத்தினார்கள்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்த மாணவி, 'தோழி' இதழை நடத்தியவர். 1991 ஆகஸ்ட் 30 அன்று விடுதலைப் புலிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டு எழுத்தாளர்களின் பென் அமைப்பு அவருக்கு எழுத்துச் சுதந்திரத்துக்கான பரிசை அறிவித்தபோது அதை வாங்க அவர் இல்லை. திரும்பி வரவே இல்லை. வெறும் அழுகைக்கு எந்தத் துப்பாக்கி பயப்படும்?

செல்வி கடத்தப்பட்ட அதே 1991இல், மே மாதம், தன் கவிதைகளைத் தீயிலிட்டுவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார் சிவரமணி. 1986இல் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட 'சொல்லாத சேதிகள்' தொகுப்பில் அவரோடு அ.சங்கரி, ஊர்வசி, ஒளவை, மைத்ரேயி எல்லாரும் இருக்கிறார்கள். ராணுவத்தை மட்டுமா கேள்வி கேட்டார்கள்? சீதனத்தையும் வீட்டுக்குள் நடக்கும் அதிகாரத்தையும் சேர்த்தே கேட்டார்கள். மேடையில் முழங்குபவர்களில் எத்தனை பேர் இந்தத் தொகுப்பைப் புரட்டியாவது பார்த்திருப்பார்கள்?

பாரி செத்தபோது கபிலர் புலம்பியது இவர்களுக்குச் செவ்வியல். லெனின்கிராட் சிறைவாசலில் மகனுக்காகக் காத்துக்கிடந்த அன்னா அக்மதோவா உலக இலக்கியம். சொந்த மொழிப் பெண் எழுதினால் மட்டும் மூக்கைச் சிந்தும் சமாச்சாரம். கணவன் பூதப்பாண்டியன் சிதையருகே பெருங்கோப்பெண்டு பாடியதைப் படித்தவர்களுக்குத் தெரியும், அது, தீயில் இறங்குவதைத் தடுக்க வந்த சான்றோர்களோடு நேருக்கு நேர் போட்ட சண்டை. ஒப்பாரியைத்தான் ஏன் இளப்பமாகச் சொல்ல வேண்டும்? தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சாவு வீட்டில் உட்கார்ந்து கேட்டிருந்தால் தெரியும். வாழவிடாத மாமியாரும் சொத்தில் பங்கு தராத அண்ணனும் பிணத்தின் முன்னாலேயே கூண்டில் ஏற்றப்படுவார்கள்.

இந்த ஆட்களுக்குப் பெண்ணின் துக்கம் வேண்டும், அவள் பேச்சு வேண்டாம். போர் முடிந்த நாளான மே 18 வந்தால் தலைவிரித்து அழும் தாயின் படத்தைப் பகிர்வார்கள். அந்தத் தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் உட்கார்ந்து, காணாமல் ஆக்கப்பட்ட எங்கள் பிள்ளைகள் எங்கே என்று அரசைக் கேட்கத் தொடங்கினார்களே, அதைப் பற்றி ஒரு கூட்டம் போட்டோமா? நம் கூட்டங்களில் பெண்களுக்கு வாய்ப்பது தமிழ்த்தாய் வாழ்த்தும் நன்றியுரையும்தான். இடையிலுள்ள இரண்டு மணி நேரமும் ஆண்களுக்கு.

"துக்கத்தைத் தாண்டி எழுத வாங்க" என்று கடைசியில் அறிவுரை வேறு சொன்னார். தாண்டச் சொல்ல இவர் யார்? யாரிடம் சொல்கிறார்? செல்வி எதைத் தாண்டி எழுதாமல் போனதால் காணாமல் போனார்?

அடுத்த கூட்டத்துக்கும் இவரையே அழைக்கப்போகிறார்களாம். 'சொல்லாத சேதிகள்' நூலகம் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. அதை முழுக்கப் படித்துவிட்டு வரட்டும். இல்லையென்றால் அந்த மைக்கை, அதைப் படித்த பெண்களில் ஒருவருக்குக் கொடுங்கள்.