மாவட்ட மருத்துவமனைகளில் குறுகிய கால நெருக்கடி வார்டு: எங்கள் நிலைப்பாடு

தமிழ்நாட்டின் ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், மனநல நெருக்கடிக்கும் குடி, போதை நெருக்கடிக்கும் சேர்த்து ஒரே உள்நோயாளி வார்டு இருக்க வேண்டும். இரவு பகல் எந்நேரமும், அவசரப் பிரிவு வழியாகவே அங்கே அட்மிஷன் கிடைக்க வேண்டும். சில நாட்கள், மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று வாரங்கள், பிறகு வீடு. நோயாளிகளின் குடும்பத்தாரும், குடியிலிருந்தும் மனநோயிலிருந்தும் மீண்டவர்களும், இத்துறையில் வேலை பார்த்த செவிலியர்களும் சேர்ந்த எங்கள் அமைப்பு, நெடிய விவாதத்துக்குப் பிறகு எடுத்திருக்கும் நிலைப்பாடு இது. மனநல வார்டுகள் நன்றாக நடக்கும் அரசு மருத்துவமனைகள் நம்மிடம் உண்டு. அந்தச் சிகிச்சை கிடைப்பதும் கிடைக்காததும் நோயாளி எந்த ஊர்க்காரர், எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு வந்தார் என்பதைப் பொறுத்து மாறுவதுதான் எங்கள் கவலை.

ஏன் படுக்கை வேண்டும், மாத்திரை எழுதிக் கொடுத்தால் போதாதா என்று கேட்கிறார்கள். குடியையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும். வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் ஒரு பகுதியினருக்குச் சித்தம் கலங்கும். சுவரில் பூச்சி ஊர்வது தெரியும், யாரோ வெட்ட வருவதாகத் தோன்றும், பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாது, காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஏறும். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நிலைக்குப் போனவர்களில், முறையான சிகிச்சை வராத காலத்தில் மூன்றில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள். இன்று சிகிச்சை கிடைத்தால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. அந்தச் சிகிச்சைக்குத் தேவைப்படுபவை டயஸிபாம், லோராஸிபாம் போன்ற மலிவான பழைய மருந்துகள், ஊசியில் போடும் தயமின், நீர்ச்சத்து, மணிக்கொரு தரம் வந்து பார்க்கும் செவிலியர். முதல் மூன்றும் எந்த அரசு மருத்துவமனையிலும் கிடைக்கக்கூடியவை. நான்காவதற்குத்தான் வார்டு வேண்டும்.

இந்த ஆபத்து எங்கெங்கே வந்து நிற்கிறது என்பதைக் கவனித்தால் திட்டம் போடுகிறவர்களுக்கு உதவும். கார்த்திகையில் மாலை போடும் அன்று குடியை நிறுத்துகிறவர் உண்டு. கோயிலில் கயிறு கட்டி, சத்தியம் பண்ணிவிட்டு நிறுத்துகிறவர் உண்டு. அந்த உறுதியை நாங்கள் மதிக்கிறோம். பலருக்கு அதுதான் முதல் படி. ஆனால் நாள்பட்ட குடிநோயாளிக்கு மருத்துவத் துணை இல்லாமல் அந்த முதல் மூன்று நாட்கள் உயிருக்கு ஆபத்தானவை என்று கயிறு கட்டும் இடத்தில் சொல்ல ஆள் இல்லை. பைக்கிலிருந்து விழுந்து கால் உடைந்து எலும்பு முறிவு வார்டில் படுத்திருப்பவர் மூன்றாம் நாள் இரவு கட்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்து ஓடுவதை அங்கே வேலை பார்க்கும் எந்தச் செவிலியரைக் கேட்டாலும் சொல்வார். அவர் வம்பு செய்யவில்லை. குடி நின்று மூன்று நாள் ஆகிறது, அதை யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். இப்படிப்பட்டவரை அவசரப் பிரிவில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக் காலையில் அனுப்பிவிடுவது எங்கே நடந்தாலும் அது சிகிச்சை ஆகாது. தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிப்பையே அது தூண்டிவிடலாம்.

2020 மார்ச் 24 மாலை, கொரோனா ஊரடங்குக்காக டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டு மே 7 வரை அடைந்து கிடந்தன. பக்கத்தில் கேரளத்தில், மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசு ஆணையிட, உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஒரு மாநிலம் அந்த எல்லைக்குத் தள்ளப்பட்டதே, திடீர் நிறுத்தம் எவ்வளவு பெரிய மருத்துவ நெருக்கடி என்பதைக் காட்டுகிறது. மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்பதில் இந்த அறிக்கை எந்தப் பக்கமும் நிற்கவில்லை. கடையைத் திறந்தாலும் மூடினாலும் படுக்கைகள் வேண்டும் என்கிறோம். மது விற்பனையால் அரசுக்கு ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. அதில் சட்டப்படி ஒரு நிலையான பங்கை இந்த வார்டுகளுக்கு ஒதுக்க வேண்டும். ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையின் தயவுக்கு விடக் கூடாது.

இரண்டு நோய்க்கும் ஏன் ஒரே வார்டு? ஏனென்றால் பெரும்பாலும் ஆள் ஒருவரே. மனச்சோர்வில் தூக்கம் வராமல் குடிக்கத் தொடங்கியவர், குடியால் காதில் குரல் கேட்கத் தொடங்கியவர், கஞ்சாவுக்குப் பிறகு முதன்முறையாகச் சித்தம் பிறழ்ந்த இளைஞர் என்று இவர்களைப் பிரித்து வைக்க முடியாது. நடப்பில் என்ன நடக்கிறது? மனநலப் பிரிவில் "குடியை விட்டுட்டுக் கூட்டிட்டு வாங்க" என்கிறார்கள். போதை மறுவாழ்வு மையத்தில் "மூளைக்கோளாறு இருக்கு, அதைச் சரி பண்ணிட்டு வாங்க" என்கிறார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவே நிற்பது பெரும்பாலும் மனைவியோ தாயோ. இந்தப் பிளவுக்கு நிர்வாகத்திலும் வேர் இருக்கிறது. மனநலம் சுகாதாரத் துறையிடம். போதை மறுவாழ்வு மையங்களுக்கான மத்திய நிதியோ சமூக நீதி அமைச்சகத்தின் வழியே வருகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் தெளிவாகக் கொண்டுவந்துவிட்டது. சட்டம் ஒன்றாக்கியதை நிர்வாகம் இரண்டாகவே வைத்திருக்கிறது.

எத்தனை பேர் வெளியே நிற்கிறார்கள் என்பதை அரசின் ஆய்வே சொல்கிறது. 2019இல் வெளியான போதைப்பொருள் பயன்பாடு குறித்த தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றிருக்கிறார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேருக்கு ஒருவர்.

மற்ற 179 பேரில் எல்லோருக்கும் படுக்கை தேவைப்படாது. தேவைப்பட்டுக் கிடைக்காதவர்களின் குடும்பங்கள் கடன் வாங்கித் தனியார் மையங்களுக்குப் போகின்றன. நேர்மையாக நடக்கும் மையங்களை நாங்கள் அறிவோம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய மருத்துவமனை, குடிநோய்க்கு மரியாதையோடு சிகிச்சை தர முடியும் என்பதை நாட்டுக்கே காட்டியது. ஆனால் நள்ளிரவில் வேனில் ஆள் அனுப்பித் தூக்கிச் செல்வதும், மருத்துவரே இல்லாமல் மாதக்கணக்கில் பூட்டி வைப்பதும், அடிப்பதும் மறுவாழ்வு என்ற பெயரிலேயே நடக்கின்றன. உதறல் தொடங்கிய முதல் மூன்று நாட்களை அங்கே கழிக்கும் மனிதரை நினைத்துப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களைக் குறை சொல்வது எளிது. அவர்கள் ஊருக்கு அருகில், இரவில் திறந்திருக்கும் ஒரு வார்டு இருந்திருந்தால் எத்தனை பேர் அவ்வளவு தூரம் போயிருப்பார்கள்?

இரண்டு மூன்று வாரம் என்று நாங்கள் வரம்பு கேட்பது சிக்கனத்துக்காக அல்ல. நெருக்கடியின் உச்சம் பெரும்பாலும் சில நாட்களில் தணிகிறது. அதற்கு மேல் ஆளை உள்ளே வைத்திருந்தால் வேலை போகிறது, வீட்டில் அவர் இடம் சுருங்குகிறது. 1794இல் தொடங்கிப் பிறகு கீழ்ப்பாக்கத்துக்கு மாறிய நம் மனநல மருத்துவமனையின் நீண்ட வரலாற்றில், குணமாகியும் கூட்டிப்போக ஆள் வராமல் அங்கேயே முதுமை அடைந்தவர்கள் இருக்கிறார்கள். இதற்கு நேர்மாறான பாடமும் நம் நாட்டில் உண்டு. அமிர்தசரஸில் 1950களில் மருத்துவர் வித்யா சாகர், குடும்பத்தாரை மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டு நோயாளியோடு தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையமும் குடும்பத்தைக் கூடவே தங்கவைக்கும் முறையில்தான் வளர்ந்தது. கூட இருந்து பார்த்தவருக்கு மாத்திரையின் பெயரும் தெரியும், மறுபடி நோய் வருவதற்கான முதல் அறிகுறியும் தெரியும்.

அதே சமயம், கூட இருக்க ஆள் இல்லை என்பதற்காக அட்மிஷனை மறுக்கக் கூடாது. தினக்கூலிக் குடும்பத்தில் ஒருவர் வார்டில் உட்கார்ந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. தங்கும் உறவினருக்கு நாள்படி கொடுங்கள், அல்லது அந்த வேலைக்கு ஆள் போடுங்கள். பெண்களுக்குத் தனி அறை வேண்டும். குடிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். வெட்கத்தால் அவர்கள் வருவது மிகவும் தாமதமாக.

பூச்சிமருந்து குடித்துக் காப்பாற்றப்பட்டவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விஷமுறிவு வார்டில் உயிரைப் பிடித்துவைக்கும் மருத்துவர்களின் உழைப்பு பெரியது. அங்கிருந்து யாரும் மனநல மருத்துவரைப் பார்க்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது. தேவைப்பட்டால் நேராகக் குறுகிய கால வார்டுக்கு மாற வேண்டும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை. இன்னும் போலீஸ் பயத்தில் ஆளைச் சேர்க்காமல் மறைக்கும் குடும்பங்களுக்கு இதை மருத்துவமனைச் சுவரில் பெரிதாக எழுதிச் சொல்ல வேண்டும்.

மனநல மருத்துவர் போதுமான அளவில் இல்லை என்ற பதில் வரும். பற்றாக்குறை உண்மைதான். ஆனால் அவசர நிலையில் 72 மணி நேரம் வரை, பதிவுபெற்ற எந்த மருத்துவரும் சிகிச்சையைத் தொடங்க அதே 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 94ஆம் பிரிவு அனுமதிக்கிறது. இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கும் செவிலியருக்கும் முறையான பயிற்சியும், தொலைபேசியில் எட்டக்கூடிய ஒரு மனநல மருத்துவரும் இருந்தால் முதல் இரவைக் கடக்கலாம். திருச்சி 1996இலேயே மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கிய முதல் நான்கு மாவட்டங்களில் ஒன்று. ஆதரவற்ற மனநோயாளிகளுக்கான அவசர சிகிச்சை, மீட்பு மையங்களும் பல மாவட்டங்களில் வந்திருக்கின்றன. அடித்தளம் இருக்கிறது, அதன் மேல்தான் கட்டச் சொல்கிறோம்.

டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய முதல் வாரத்தை அட்மிஷனின் ஒரு பகுதியாகவே கணக்கிட வேண்டும். மனநல வார்டிலிருந்து வெளியே வந்த முதல் சில வாரங்களில்தான் தற்கொலை அபாயம் மிக அதிகம். ஓபியாய்டு வகைப் போதையை நிறுத்தி வந்தவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடல் தாங்காமல் மூச்சு நின்றுவிடலாம். குடியில் நடுக்கம் நின்றது நோய் நின்றதாகாது. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் ஆலோசனையும் தொடர வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடிப் போகும் ஊழியர்களின் பட்டியலில், வார்டிலிருந்து திரும்பியவரின் பெயரும் ஏழு நாட்களுக்குள் சேர வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே அச்சாகியிருக்க வேண்டும்.

எங்களுக்குள் ஒத்த கருத்து வராத இடம் ஒன்று உண்டு. விருப்பமில்லாதவரைச் சேர்ப்பது. மகனை இழந்த பெற்றோர் ஒரு பக்கம், வேனில் தூக்கிச் செல்லப்பட்ட அனுபவம் உள்ளவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டது இவ்வளவு: குடிக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் அடைக்கக் கூடாது. சுயநினைவும் முடிவெடுக்கும் திறனும் குலைந்து உயிருக்கு ஆபத்து வரும்போது, மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89ஆம் பிரிவு வைக்கும் 30 நாள் வரம்புக்குள், மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவித்துத்தான் சேர்க்க வேண்டும். நினைவு தெளிந்ததும் அவரிடமே கேட்க வேண்டும்.

மாவட்டத்தில் குறைந்தபட்ச மனநல சேவை இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறு இடத்தில் பெறும் சிகிச்சையின் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. இந்த உரிமையைக் கேட்டுப் பெற ஒரு சான்று வேண்டும். ஆகவே நெருக்கடியில் வந்த யாரையும் சேர்க்க மறுத்தால், மறுத்த நேரத்தையும் காரணத்தையும் எழுதிப் பணி மருத்துவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்று சுகாதாரத் துறை ஆணை பிறப்பிக்க வேண்டும். அதன் நகல் மாதந்தோறும் மறுஆய்வு வாரியத்துக்குப் போக வேண்டும். இந்த ஆணைக்குப் புதிய கட்டடமோ புதிய பணியிடமோ தேவையில்லை. அரசு நினைத்தால் இந்த மாதமே வெளியிடலாம்.