புதையல் தேடுறவங்க எல்லாம் திருடர்களா? சட்டம் என்ன செய்யணும்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க மக்களே.

அமெரிக்காவில் லீவு நாளானால் ஒரு கூட்டம் கிளம்பிவிடும். கையில் மெட்டல் டிடெக்டர், காதில் ஹெட்ஃபோன், இடுப்பில் தோண்டுவதற்கு ஒரு சின்னக் கருவி. கடற்கரை, பழைய பண்ணை, எப்போதோ போர் நடந்த வயல் என்று மணிக்கணக்கில் நடப்பார்கள். "பீப்" சத்தம் கேட்டால் குனிந்து தோண்டுவார்கள்.

கிடைப்பது பெரும்பாலும் துருப்பிடித்த ஆணி, பாட்டில் மூடி. என்றைக்காவது ஒரு பழைய நாணயம், ஒரு சிப்பாயின் சட்டைப் பொத்தான். நம்ம ஊரில் தூண்டிலோடு ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஏதாவது ஒரு மாநிலத்தில் "இனி அனுமதியில்லாமல் பழம்பொருள் தேடித் தோண்டக்கூடாது" என்று மசோதா பேச்சு வந்தால் இவர்கள் கொதித்துவிடுவார்கள். "எங்களைத் திருடனாக்கப் பார்க்கிறார்கள்" என்பார்கள்.

"டாக்டர், உங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

இருக்குங்க. வர்றேன்.

முதலில் அவர்கள் தரப்பைக் கேட்போம். மூன்று வாதம் வைக்கிறார்கள்.

ஒன்று, நிலம். அமெரிக்காவில் தனியார் நிலத்துக்குள் கிடைக்கும் பழம்பொருள் பொதுவாக நிலத்துக்காரருக்கே சொந்தம். அவரே "தோண்டிக்கோ" என்று சொன்ன பிறகு அரசுக்கு என்ன வேலை?

இரண்டு, அழிவு. எல்லா வயலையும் தோண்டிப் பார்க்க ஆய்வாளர்கள் வரப்போவதில்லை. ஏரும் உரமும் கட்டுமானமும் அந்தப் பொருட்களைத் தினமும் அழிக்கின்றன. நாங்கள் எடுத்தால் மட்டும் குற்றமா?

மூன்று, உதவி. ஆய்வாளர்களுக்கு நாங்கள் எவ்வளவோ உதவியிருக்கிறோம்.

இந்த மூன்றாவது சும்மா சொல்வதில்லை. நிஜம்.

மொன்டானா மாநிலத்தில் லிட்டில் பிக்ஹார்ன் என்று ஓர் இடம். 1876 ஜூனில் கஸ்டர் என்ற அமெரிக்கத் தளபதியின் படையை லக்கோட்டா, செயென் பூர்வகுடி வீரர்கள் அங்கே தோற்கடித்தார்கள். கஸ்டரோடு நேரடியாக நின்ற படைப்பிரிவில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. என்ன நடந்தது என்று சொல்ல ராணுவத் தரப்பில் சாட்சியே இல்லை.

1983-ல் அங்கே புல்வெளி தீப்பற்றி எரிந்து தரை தெரிந்தது. 1984, 85-ல் ஆய்வாளர்கள் இறங்கினார்கள். அவர்களோடு வரிசையாக நடந்தவர்கள் மெட்டல் டிடெக்டர் வைத்திருந்த தன்னார்வலர்கள். சத்தம் வந்த இடத்தில் எல்லாம் ஒரு சின்னக் கொடி நட்டார்கள். ஒவ்வொரு தோட்டாவும் எங்கே கிடந்தது என்று வரைபடத்தில் குறித்த பிறகுதான் எடுத்தார்கள்.

தோட்டா உறையில் துப்பாக்கியின் ஊசி பதித்த தடம் இருக்கும். கைரேகை மாதிரி. அதை வைத்து, ஒரே துப்பாக்கி எந்தெந்த இடத்தில் நின்று சுட்டது என்று தடம் பிடித்தார்கள். அதுவரை பலரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத பூர்வகுடிகளின் வாய்மொழிச் சாட்சியங்களுக்கு அந்த வரைபடம் வலு சேர்த்தது.

கவனிங்க. அதே கருவி. அதே மாதிரி பொழுதுபோக்குக்காரர்கள். வித்தியாசம் அந்தக் கொடியில் இருக்கிறது.

இப்ப மறுபக்கம்.

கென்டக்கி மாநிலத்தில் ஸ்லாக் ஃபார்ம் என்று ஒரு பண்ணை. ஐரோப்பியர்கள் அங்கே குடியேறுவதற்கு முன் பூர்வகுடி மக்கள் வாழ்ந்து, தங்கள் இறந்தவர்களைப் புதைத்த ஊர் அது. 1987-ல் பத்துப் பேர் நிலத்துக்காரருக்கு 10,000 டாலர் கொடுத்துத் தோண்டும் உரிமை வாங்கினார்கள். 450-க்கும் மேற்பட்ட குழிகள். கல்லறைகளைப் பிளந்து உள்ளே வைத்திருந்த பானைகளை எடுத்துக்கொண்டு எலும்புகளை வெளியே வீசினார்கள். கலைக்கப்பட்ட கல்லறைகள் நூற்றுக்கணக்கில்.

நிலத்துக்காரர் அனுமதி இருந்தது. காசு கொடுத்திருந்தார்கள். அன்றைய மாநிலச் சட்டப்படி அவர்கள் மீது ஒரு சிறு குற்ற வழக்குதான் போட முடிந்தது. நாடே அதிர்ந்த பிறகு, 1988-ல் கென்டக்கி கல்லறையைச் சேதப்படுத்துவதைப் பெருங்குற்றமாக்கியது. பக்கத்து மாநிலமான இந்தியானா 1989-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. பழம்பொருளைத் தேடித் தோண்ட வேண்டுமென்றால், தனியார் நிலமாக இருந்தாலும் அரசின் ஒப்புதல் வேண்டும் என்றது. "என் நிலம், என் இஷ்டம்" என்று வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். 1994-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

என் கருத்தும் அதுதான். நிலத்துக்குப் பட்டா இருக்கலாம். அதற்குள் புதைக்கப்பட்ட இன்னொருத்தரின் பாட்டிக்குப் பட்டா கிடையாது.

சரி, கல்லறையை விடுங்க. வெறும் வயலில் கிடைத்த ஒரு நாணயத்தை எடுத்தால் என்ன நஷ்டம்?

இங்கேதான் டாக்டரின் வேலை வருகிறது.

லேபுக்கு ஒரு ரத்தக் குழாய் வருகிறது. பெயர் இல்லை, வார்டு இல்லை, தேதி இல்லை. என்ன செய்வோம்? தூக்கிப் போட்டுவிடுவோம். ரத்தம் நல்ல ரத்தம்தான், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் யாருடையது என்று தெரியாத ரத்தம் எந்த நோயாளிக்கும் உதவாது.

மண்ணிலிருந்து எடுத்த பொருளும் அப்படித்தான். எந்த ஆழம், எந்த மண் அடுக்கு, பக்கத்தில் என்ன இருந்தது, இதுதான் அதன் லேபிள். அது போய்விட்டால் கையில் மிஞ்சுவது ஷோகேஸ் பொம்மை. குழாயாவது தொலைந்தால் மறுபடி ரத்தம் எடுக்கலாம். கலைத்த மண்ணை மறுபடி அடுக்க முடியாதுங்க.

"அப்ப எல்லாத்தையும் தடை பண்ணிடலாமே?"

அதுவும் வேலைக்கு ஆகாது. தடை மட்டும் போட்டால் தேடல் நிற்காது, சொல்வதுதான் நிற்கும். பகலில் தேடியவர் ராத்திரியில் தேடுவார். கிடைத்த பொருள் கமுக்கமாக கைமாறும்.

காசநோயில் நாம் பார்க்காததா? 2012-ல் இந்தியாவில் காசநோயைக் கட்டாயம் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக்கினார்கள். உத்தரவு போட்ட மறுநாளே எல்லாத் தனியார் மருத்துவர்களும் அறிவித்துவிடவில்லை. அறிவிக்க ஆன்லைன் வழி, உதவிக்கு ஆள், ஒரு நோயாளியை அறிவித்தால் 500 ரூபாய் ஊக்கத்தொகை, வேண்டுமென்றே மறைத்தால் சட்ட நடவடிக்கை என்று எல்லாம் சேர்ந்த பிறகுதான் தனியார் துறையிலிருந்து வரும் பதிவுகள் பல மடங்கு கூடின.

சட்டம் + சுலபமான வழி + சின்ன மரியாதை. மூன்றும் சேரணும்.

இதில் ஒன்று குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃப்ளோரிடா உதாரணம். அங்கே ஆற்றுப் படுகை அரசுக்குச் சொந்தம். ஆற்றில் மூழ்கித் தேடுபவர்கள் தனியாகக் கிடக்கும் பழம்பொருளை எடுத்தால், அரசிடம் அறிவித்துவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்று 1990-களில் ஒரு திட்டம் இருந்தது. நல்ல திட்டம். ஆனால் அறிவித்தவர்கள் குறைவு. 2005-ல் திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

புதிய சட்டம் வேண்டாம் என்று சொல்லும் நண்பர்கள் இந்த இடத்தை யோசிக்க வேண்டும். அரசு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. அறிவிக்காமல் இருந்து அதைச் சாத்த வைத்ததும் உங்களில் ஒரு பகுதியினர்தான்.

மூன்றும் சேர்ந்த இடம் இங்கிலாந்து. அங்கே 1996-ல் புதையல் சட்டம் வந்தது. புதையல் கிடைத்தால் 14 நாளுக்குள் கொரோனரிடம் சொல்ல வேண்டும். ஆமாங்க, சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதே அதிகாரி! அருங்காட்சியகம் அதை எடுத்துக்கொள்ள விரும்பினால் சந்தை மதிப்பைத் தர வேண்டும். அதில் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு உண்டு.

புதையல் என்ற கணக்கில் வராத சின்னப் பொருட்களையும் பதிவு செய்ய ஊர் ஊருக்கு ஓர் அலுவலர் இருக்கிறார். பார்த்து, படம் எடுத்து, இடம் குறித்துக்கொண்டு, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இப்படிப் பதிவானவை 15 லட்சத்தைத் தாண்டிவிட்டன. இது பொதுமக்கள் விருப்பப்பட்டுக் கொண்டுவந்து கொடுத்த தகவல்.

2009-ல் ஸ்டாஃபர்ட்ஷயரில் ஒரு வயலில் மெட்டல் டிடெக்டர்காரர் ஒருவர் ஆங்கிலோ-சாக்ஸன் காலத் தங்கக் குவியலைக் கண்டுபிடித்தார். அறிவித்தார். சுமார் 33 லட்சம் பவுண்டு மதிப்பு. அவரும் விவசாயியும் பங்கிட்டுக்கொண்டார்கள். குவியல் இன்று மக்கள் பார்வைக்கு இருக்கிறது. 2015-ல் ஹெர்ஃபோர்ட்ஷயரில் இருவருக்கு வைகிங் காலக் குவியல் கிடைத்தது. மறைத்து விற்கப் பார்த்தார்கள். 2019-ல் சிறைக்குப் போனார்கள். அந்த நாணயங்களில் பெரும்பகுதி மீட்கப்படவில்லை.

ஒரே நாடு, ஒரே சட்டம். சொன்னவருக்குப் பங்கு, மறைத்தவருக்குச் சிறை. தெளிவா இருக்குல்ல?

நம்ம நாட்டுக்கும் 1878-லிருந்தே புதையல் சட்டம் இருக்கு, தெரியுமா? மண்ணில் கிடைத்தது 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டரிடம் எழுத்தில் அறிவிக்க வேண்டும். மறைத்தால் உங்கள் பங்கும் போகும், சிறையும் உண்டு. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது பானையோ காசோ கிடைத்தால் இதை நினைவில் வையுங்கள்.

என் நிலைப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

👉 கல்லறைகளில் கை வைப்பதற்கு முழுத் தடை. நிலம் யாருடையதாக இருந்தாலும் சரி.

👉 அரசு நிலத்திலும் அறிந்த வரலாற்று இடங்களிலும் அனுமதியோடு, ஆய்வாளர்களின் மேற்பார்வையில் மட்டும்.

👉 மற்ற இடங்களில் நிலத்துக்காரர் சம்மதத்தோடு தேடலாம். கிடைத்ததைக் குறிப்பிட்ட நாளுக்குள் இடத்தோடு அறிவித்தே ஆக வேண்டும்.

👉 அறிவிக்க வருபவரை உட்காரவைத்துப் பேச ஒரு அலுவலர் பக்கத்து ஊரிலாவது இருக்க வேண்டும். இவரை நியமிக்கப் பணம் ஒதுக்காத அரசுக்கு, மேலே சொன்ன சட்டத்தைப் போடும் யோக்கியதை குறைவு.

தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த மசோதா வந்தாலும் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "இதைத் திருத்து, எங்களைச் சேர்த்துக்கொள்" என்று கேளுங்கள். அந்த வாசகத்தை நீங்கள் உள்ளே போய் எழுதாவிட்டால், உங்களைத் திருடன் என்று நினைப்பவர் எழுதிவிடுவார்.

உங்கள் கருத்து என்ன? கமெண்டில் சொல்லுங்கள். மாற்றுக் கருத்தும் வரவேற்கப்படுகிறது, நாகரிகமாக இருந்தால் போதும்.