ஈர மண்ணில் ஏன் பயிர் வாடுகிறது?



கற்பிட்டிப் பக்கத்து மணல் தோட்டங்களில் இது வழமையான காட்சி. மிளகாய்க் கன்றுக்கு உரம் போட்டு, தண்ணீரும் விட்டாயிற்று. மண் ஈரமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கன்று துவண்டு, இலையோரம் கருகி நிற்கும். "உரம் காணாது போல" என்று இன்னொரு பிடி போடுகிறோம். பல நேரம் உரம் கூடியதுதான் காரணம்.

விடை எங்கள் பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்திலேயே இருக்கிறது. பிரசாரணம் என்ற பாடம். வரைவிலக்கணத்தைப் பாடமாக்கி, பரீட்சையில் எழுதி, புள்ளியும் எடுக்கிறார்கள். அந்தப் பாடம் தோட்டத்துக்கு மட்டும் வந்து சேரவில்லை.

விசயம் லேசானது. வேர்நுனிக்குச் சற்று மேலே மெல்லிய வேர்மயிர்கள் இருக்கின்றன. அவற்றின் உள்ளே இருக்கும் சாறு, மண்ணில் உள்ள நீரை விடச் செறிவு கூடியது. அதனால் மென்சவ்வினூடாக நீர் தானாக உள்ளே வருகிறது. கலம் கலமாகக் கடந்து காழ்க் குழாய்களுக்குப் போகிறது. இலைகள் நீரை ஆவியாக விட விட, கீழிருந்து நீர் மேலே இழுபடுகிறது. செடியிடம் மோட்டர் இல்லை. வேர் நீரெடுக்க அந்தச் செறிவு வித்தியாசம் வேண்டும்.

அடித்தண்டோடு யூரியாவைக் குவித்தால் அந்த வித்தியாசம் தலைகீழாகிறது. வெளியே செறிவு கூடினால் வேர் நீரை எடுக்காது, உள்ளதையும் இழக்கும். நறுக்கிய வெங்காயத்துக்கு உப்புத் தூவி வைத்தால் தண்ணீர் விடுகிறதே, அதே கதைதான். கிணற்று நீர் உவராகும்போதும் இதுதான் நடக்கிறது.

நட்டம் பயிரோடு முடிவதில்லை. மணல் உரத்தைப் பிடித்து வைக்காது. பயிர் எடுக்காதது அடுத்த நீர்ப்பாய்ச்சலோடு நிலத்தடி நீருக்குப் போகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. கற்பிட்டியில் தீவிரமாகப் பயிர் செய்யும் இடங்களின் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்தால் கைக்குழந்தைக்கு ஆபத்து.

"உரமில்லாமல் விளையுமா?" என்று கேட்பீர்கள். விளையாது என்பதை 2021இல் இரசாயன உரத் தடை வந்தபோது நாடே பார்த்தது. அந்த வருடமே தடையை நீக்க வேண்டியும் வந்தது. நாங்கள் உரத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அளவோடு, பல தடவையாகப் பிரித்து, தண்டிலிருந்து தள்ளிப் போடச் சொல்கிறோம். மணலுக்கு மாட்டெருவும் கூட்டெருவும் சேருங்கள். ஈரமும் நிற்கும், உரமும் நிற்கும். கன்றை மாலையில், வேர்மண் உதிராமல் நடுங்கள். வேர்மயிர் அறுந்தால் தண்ணீர் குடிக்க வழியில்லை. அளவு தெரியாவிட்டால் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் ஒரு கடமை உண்டு. உருளைக்கிழங்குத் துண்டை உப்பு நீரில் போட்டுக் காட்டும் செய்முறையோடு பாடத்தை முடிக்காமல், பிள்ளைகளைப் பக்கத்துத் தோட்டத்துக்கும் கூட்டிப் போவோம். வுளூ செய்யும் தண்ணீரிலும் வீண்விரயம் கூடாது என்று சொல்லி வளர்க்கிற சமூகம் நாங்கள். கிணற்றைக் கெடுப்பதை அதைவிடச் சிறிய விசயமாக எடுக்கலாமா?

வீட்டில் தோட்டம் செய்கிற வாப்பாவுக்கும் மாமாவுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.