பாதி விலைக்கு வீடு வருதாமே டாக்டர்?

சுகர் ரிப்போர்ட் காட்ட வர்றவங்க சேர்லேர்ந்து எழுந்திருக்கும்போது கேட்கிற கேள்வி இது. முன்னெல்லாம் "இந்த மாத்திரையை எவ்வளவு நாள் போடணும்"னு கேட்பாங்க. இப்போ "பேங்க் ஆன்லைன் ஏலத்துல வீடு எடுக்கலாமா"னு கேட்கிறாங்க. ரிட்டயர்மென்ட் பணம் கையில இருக்கறவங்க, வெளிநாட்டுலேர்ந்து திரும்பினவங்க, கல்யாணமாகி வாடகை வீட்டுல இருக்கிற பிள்ளைங்க. எல்லார் போன்லயும் ஏதோ ஒரு வீடியோ.

நான் வக்கீல் இல்லை. ஆனா கத்தி வைக்கறதுக்கு முன்னாடி ஸ்கேன் பாருங்கனு சொல்றது என் தொழில். அந்த உரிமையில எழுதறேன்.

முதல்ல என் கருத்தைச் சொல்லிடறேன். ஏலத்துல வீடு வாங்கறது தப்பில்லை. ஆனா முதல்முறை போறவங்க, பேங்க் கையில சாவி இல்லாத வீட்டுப் பக்கமே போகாதீங்க. எவ்வளவு மலிவா வந்தாலும் சரி.

ஏன்னு பார்ப்போம்.

கடன் கட்டாதவங்க சொத்தை கோர்ட்டுக்குப் போகாமலே பேங்க் விற்கிறதுக்கு வழி செஞ்சது 2002ல வந்த சர்ஃபேசி சட்டம். ஏல அறிவிப்பை ரெண்டு நாளிதழ்ல போடணும், அதுல ஒண்ணு உள்ளூர் மொழியில இருக்கணும். அந்தக் குட்டி எழுத்து விளம்பரத்தைத் தேடிப் பிடிச்சு நிதானமா படிங்க. "குறியீட்டு சுவாதீனம்"னு ஒரு வார்த்தை வருதா பாருங்க. இங்கிலீஷ் விளம்பரத்துல சிம்பாலிக் பொசஷன்.

அர்த்தம் என்ன? பேங்க்காரங்க போய் சுவத்துல நோட்டீஸ் ஒட்டிட்டு வந்துட்டாங்க. அவ்வளவுதான். உள்ள குடும்பம் அப்படியே இருக்கு. அடுப்பு எரியுது, பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போறாங்க. நீங்க பணம் கட்டினப்புறம் மாஜிஸ்திரேட் உத்தரவு, அட்வகேட் கமிஷனர், போலீஸ்னு போய்த்தான் வீடு காலியாகும். நடுவுல அவங்க கடன் மீட்புத் தீர்ப்பாயத்துல வழக்கு போடலாம். அது அவங்க உரிமை. நீங்க கட்டின பணம் பேங்க்ல. வீடு அவங்ககிட்ட. கையில இருக்கறது பேப்பர்.

இதனாலதான் அந்த வீடு மலிவு. அது தள்ளுபடி இல்லைங்க. பேங்க் தன்னோட தலைவலியை உங்க தலைக்கு மாத்தறதுக்குக் கொடுக்கிற கூலி. இதுல பழகினவங்க இருக்காங்க. வக்கீல் கூடவே இருப்பாங்க, ரெண்டு மூணு வருஷம் பணத்தை முடக்கிப் போடத் தெம்பு இருக்கும். பிஎஃப் பணத்தை எடுத்துட்டு வர்ற அறுபது வயசுக்காரருக்கு அந்தத் தெம்பு எங்கேருந்து வரும்?

எல்லா விளம்பரத்துலயும் இன்னொரு வரி இருக்கும். "உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில் இருக்கிறபடி." யாரும் படிக்கறதில்லை. சொத்து வரி பாக்கி, தண்ணி வரி பாக்கி, அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் பாக்கி எல்லாம் அந்த வரிக்குள்ள ஒளிஞ்சிருக்கு. கரண்ட் பில்லும்தான். 2023 மே மாசம், கேரள மின்வாரியம் சம்பந்தப்பட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் இதைப் பேசியிருக்கு. விதிமுறை இடம் கொடுத்தா, பழைய ஓனர் வெச்சுட்டுப் போன பாக்கியை ஏலத்துல எடுத்தவர்கிட்ட மின்வாரியம் கேட்கலாம். வீடா இருந்தா சில ஆயிரம். மூடிக் கிடக்கிற மில்லோ பட்டறையோன்னா லட்சக்கணக்குல வரும்.

சரி, சாவி பேங்க் கையில இருக்கு, வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாச்சு, மூலப் பத்திரத்தை வக்கீல் பார்த்துட்டார், வீட்டையும் நேர்ல போய்ப் பார்த்தாச்சு. ஏல நாளுக்கு வருவோம். இங்கதான் ஒரு டாக்டரா எனக்குச் சொல்ல விஷயம் இருக்கு.

1983ல வந்த ஒரு ஆய்வு. பாஸ்டன் பல்கலைக்கழகத்துல எம்பிஏ மாணவர்கள் முன்னாடி சில்லறைக் காசு போட்ட ஜாடியை வெச்சாங்க. உள்ள இருந்தது 8 டாலர். எவ்வளவு இருக்கும்னு எழுதச் சொன்னப்போ சராசரியா 5 டாலர் சொச்சம்னுதான் எழுதினாங்க. அதாவது, கூட்டமா பார்த்தா குறைச்சுத்தான் மதிப்பு போட்டாங்க. ஆனா அதே ஜாடியை ஏலம் விட்டப்போ, ஜெயிச்சவங்க கொடுத்த விலை சராசரியா 10 டாலர். 8 டாலர் சாமானுக்கு!

காரணம் எளிமை. ஏலத்துல ஜெயிக்கறது சராசரி ஆள் இல்லை, கூட்டத்துலயே அதிகமா மதிப்பு போட்ட ஆள். பத்து பேர் ஒரு வீட்டைப் பார்த்து ஒன்பது பேர் 45 லட்சத்துக்குள்ள நிறுத்திட்டாங்க, நீங்க மட்டும் 52ன்னா, அவங்க ஒன்பது பேருக்கும் தெரிஞ்ச ஏதோ ஒண்ணு உங்களுக்குத் தெரியலையோனு முதல்ல சந்தேகப்படணும். நாம என்ன பண்றோம்? ஸ்வீட் வாங்கறோம். இதுக்குப் பொருளாதாரத்துல ஒரு பேரே இருக்கு, வெற்றியாளரின் சாபம்.

ஸ்கிரீன் இதை இன்னும் மோசமாக்குது. பெரும்பாலான பேங்க் ஏலத்துல, முடியப் போற கடைசி நிமிஷங்கள்ல யாராவது விலை ஏத்தினா நேரம் தானா அஞ்சு நிமிஷமோ பத்து நிமிஷமோ நீளும். மறுபடி ஏத்தினா மறுபடி நீளும். எதிர்ல யார்னு தெரியாது. முகம் பார்க்க முடியாது. இதயம் படபடக்குது, உள்ளங்கை வேர்க்குது. உடம்பைப் பொறுத்தவரை நாய் துரத்தறதும் இதுவும் ஒண்ணுதான், அட்ரினலினுக்கு வித்தியாசம் தெரியாது. அந்த நேரத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்கிற மச்சான், "மாமா, இன்னொரு இருபத்தஞ்சாயிரம்தானே, போட்டு விடுங்க" என்பார். இருபத்தஞ்சாயிரம் இருபத்தஞ்சாயிரமா நாலு லட்சம் ஏறினது எப்படின்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அதனால முந்தின நாள் ராத்திரியே ஒரு நம்பரை பேப்பர்ல எழுதி வீட்டம்மா கையில கொடுத்துடுங்க. பத்திரச் செலவு, பாக்கிகள், ரிப்பேர் எல்லாம் கழிச்சு வந்த நம்பர். அதைத் தாண்டினா லேப்டாப்பை மூடறது அவங்க வேலை. பிபி மாத்திரை போடறவங்க அன்னைக்கு டோஸைத் தவற விடாதீங்க, இதையும் சொல்லி வைக்கிறேன்.

ஜெயிச்ச பிறகு கணக்கு வேகமா ஓடும். ரிசர்வ் விலை 40 லட்சம்னு வையுங்க. முன்வைப்புத் தொகை வழக்கமா 10 சதவீதம், 4 லட்சம் ஏற்கெனவே கட்டியிருப்பீங்க. 48 லட்சத்துக்கு எடுத்துட்டீங்க. அதுல கால் பங்கு 12 லட்சம். கட்டினதைக் கழிச்சு மீதி 8 லட்சத்தை அன்னைக்கே, இல்லேன்னா அடுத்த வேலை நாள்ல கட்டணும். விற்பனை உறுதியான 15 நாளுக்குள்ள மிச்சம் 36 லட்சம். எழுத்துப்பூர்வமா பேங்க் ஒத்துக்கிட்டா அவகாசம் கிடைக்கும், அதுவும் அதிகபட்சம் மூணு மாசம்தான்.

"லோன் போட்டுக்கலாம் டாக்டர்." போடலாம். ஆனா ஏலச் சொத்துக்கு எல்லா பேங்க்கும் லோன் தராது. தர்ற பேங்க்கும் நம்ம பதினஞ்சு நாள் கெடுவுக்காக ஓடாது. ஒப்புதலை முன்கூட்டியே கையில வாங்கிட்டுத்தான் ஏலத்துக்கு உட்காரணும்.

கட்ட முடியலைன்னா? அந்த 12 லட்சம் போச்சு. "அவ்வளவையும் எப்படி எடுத்துக்குவாங்க, கோர்ட்ல கேட்டா திருப்பிக் கொடுக்கச் சொல்லுவாங்க"னு நினைக்காதீங்க. 2024 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் இந்தக் கதவையும் ஏறக்குறைய சாத்திடுச்சு. மீதியைக் கட்ட முடியாத ஒருத்தருக்குச் சாதகமா சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை ரத்து பண்ணி, கால் பங்கை முழுசாப் பறிமுதல் பண்ண பேங்க்குக்கு உரிமை இருக்குன்னு சொல்லிடுச்சு.

மோசடி பத்தி நீட்ட வேண்டியதில்லை. முன்வைப்புத் தொகையை தனி ஆளோட ஜிபே நம்பருக்கு அனுப்பச் சொன்னா அது ஏலமே இல்லை. பொதுத்துறை வங்கிகளோட சொத்துகளுக்கு பாங்க்நெட்னு தளம் இருக்கு. விளம்பரத்துல இருக்கிற கிளைக்கு நேர்ல போய் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியைப் பாருங்க. கமிஷன் கேட்கிற புரோக்கர் மூலமா அவரைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

கடைசியா ஒண்ணு. பெரும்பாலும் பெண்கள்தான் இதைக் கேட்கிறாங்க, அதுவும் குரலைத் தாழ்த்தி. "அடுத்தவங்க வயிறெரிஞ்சு போன வீடு டாக்டர், நமக்கு ஆகுமா?"

இதை மூடநம்பிக்கைன்னு தள்ள எனக்கு மனசு வரலை. ஆனா சட்டத்துல ஒரு விஷயம் இருக்கு. ஏலத்துல வர்ற பணம் கடனையும் செலவையும் விட அதிகமா இருந்தா, மிச்சம் அந்தக் குடும்பத்துக்குப் போகணும். குறைவா இருந்தா, வீடும் போய் பாக்கிக் கடனும் அவங்க தலையிலயே நிக்கும். அதனால நியாயமான விலைக்கு எடுக்கிறவர் அந்தக் குடும்பத்தைக் கெடுக்கலை. நாலு பேர் சிண்டிகேட் போட்டு, ஒருத்தரும் கேட்காம விட்டு, ரிசர்வ் விலையைக் குறைக்க வெச்சு எடுக்கறாங்களே, கெடுதல் அங்கதான் நடக்குது. உங்களையும் அதுல சேரச் சொல்லி ஆள் வரும். "டெபாசிட் மட்டும் கட்டுங்க சார், விலை ஏத்தாதீங்க, உங்க பங்கு வீட்டுக்கே வரும்" என்பாங்க. வந்தா, வாசல்லயே அனுப்பிடுங்க.