நல்ல தண்ணிக் குழாயா, உப்புத் தண்ணிக் குழாயா?

சரவணம்பட்டியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கைக்குழந்தைக்காரி. புது வீட்டுக்குக் குடி போயிருக்கிறார்களாம். "குடிதண்ணீர் ஃபில்டர் ஒன்று வாங்கிக் குழாயோடு சேர்த்து மாட்டிவிடலாம் என்று அவர் சொல்கிறார். எது வாங்குவது, மாட்ட வருகிற ஆளிடம் நான் என்ன சொல்ல வேண்டும், ஒன்றும் புரியவில்லை அக்கா" என்று கேட்டிருக்கிறார். போன மாசம்தான் என் மகள் வீட்டில் இதே வேலை நடந்தது. பிளம்பர் தம்பி பக்கத்திலேயே நின்று, நட்டு, போல்ட்டு வரைக்கும் பார்த்தேன். அதனால் இந்த இதழ் முழுக்க இந்தச் சமாச்சாரம்தான்.

வெளியூர் சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை. எங்கள் கோவையில் ஒரே வீட்டில் இரண்டு தண்ணீர் உண்டு. மாநகராட்சி தருவது நல்ல தண்ணி. அது சிறுவாணியாக இருக்கலாம், பில்லூரிலிருந்து வருகிற அத்திக்கடவுத் தண்ணியாக இருக்கலாம், குனியமுத்தூர்ப் பக்கம் ஆழியாறாகவும் இருக்கலாம். போர் போட்டு எடுப்பது உப்புத் தண்ணி. இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி, தனித்தனிக் குழாய். விருந்தாளி வந்து செம்பை எடுத்தால், "அந்தக் குழாய் வேண்டாமுங்க, இது நல்ல தண்ணி" என்று சொல்லிக் கொடுப்பது எங்கள் ஊர் மரியாதை. இத்தனை தெரிந்த நாம், ஃபில்டர் மாட்டும்போது மட்டும் எந்தத் தண்ணிக்கு மாட்டுகிறோம் என்று கேட்பதே இல்லை. கடைக்காரர் சொன்னதை வாங்கி, பிளம்பருக்கு வசதியான குழாயில் மாட்டிவிடுகிறோம். முதலில் தண்ணீர் எது என்று தெரிய வேண்டும். அதற்குப் பிறகுதான் மிஷின், குழாய் எல்லாம்.

தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று பார்க்க, பேனா மாதிரி ஒரு சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தம்ளரில் முக்கினால் எண் காட்டும். அதை டி.டி.எஸ். என்கிறார்கள். எங்கள் வீட்டுச் சிறுவாணித் தண்ணியில் 40 சொச்சம் காட்டியது. மகள் வீட்டு போர் தண்ணியில் 1300! நம் நாட்டுக் குடிநீர்த் தர விதிப்படி 500 வரைக்கும் நல்லது, வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

இப்போது சொல்லுங்கள், 40 காட்டுகிற தண்ணீருக்கு உப்பெடுக்கும் ஆர்.ஓ. மிஷின் எதற்கு? அதில் எடுப்பதற்கு என்ன இருக்கிறது? கொஞ்சநஞ்சம் இருக்கிற சுண்ணாம்புச் சத்தையும் எடுத்துவிட்டு, பாதிக்கு மேல் தண்ணீரைச் சாக்கடைக்கு விடும். 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்கூட, டி.டி.எஸ். 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சிறுவாணி, அத்திக்கடவு வருகிற வீட்டுக்குக் கிருமிக்குத்தான் காவல் வேண்டும். யு.வி. என்கிற விளக்கு வைத்த மிஷின் போதும். அதுவும் வேண்டாமென்றால் கொதிக்க வைத்து ஆற்றினால் போதும். நன்றாகக் குமிழியிட்டு ஒரு நிமிஷம் கொதித்தால் கிருமி சாகும். அம்மா வீட்டில் இருந்த இரண்டடுக்கு எவர்சில்வர் ஃபில்டரும், உள்ளே வெள்ளை மெழுகுவர்த்தி போல நிற்குமே அந்தக் கேண்டிலும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதில் வடிகட்டிக் கொதிக்க வைத்துத்தான் எங்களை வளர்த்தார்கள். குழாயும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

போர் தண்ணி கதை வேறு. கொதிக்க வைத்தால் உப்பு போகாது. தண்ணீர் வற்றுமே தவிர உப்பு அப்படியே நிற்கும், இன்னும் கெட்டியாகும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தண்ணீரில் இருக்கிற ஃப்ளோரைடும் அப்படித்தான். அதற்காகவேதான் அங்கே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. திருப்பூருக்குக் கிழக்கே, ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் இருக்கிற எங்கள் நங்கையாவிடம் (அண்ணன் சம்சாரத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்டால் இன்னும் சொல்வார். 1992ல் பாசனத்துக்கென்று நொய்யலில் கட்டிய அணை, சாயத் தண்ணீர் தேங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளையே பாழாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நங்கையா தோட்டத்துக் கிணற்றில் மாட்டுக்குக்கூடத் தண்ணீர் காட்ட யோசிப்பார்கள். அந்த மாதிரி இடத்தில் ஆர்.ஓ. ஆடம்பரமில்லை, அவசியம். கோவையிலும் 2017 கோடையில் சிறுவாணி வற்றியபோது, போர் தண்ணியை நம்பியிருந்த வீடுகளுக்கு அதன் அருமை தெரிந்தது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். மகள் வீட்டுக்கு மிஷின் விற்க ஒரு பையன் வந்தான், டை கட்டிக்கொண்டு. இரண்டு தம்ளரில் தண்ணீர் வைத்தான், ஒன்று அவர்கள் வீட்டுத் தண்ணீர், இன்னொன்று அவன் கொண்டு வந்தது. கம்பிகள் நீட்டிய ஒரு பெட்டியை முக்கிச் சுவிட்சைப் போட்டான். வீட்டுத் தண்ணீர் செம்மண் கலர் ஆகிவிட்டது! "இதைத்தானுங்க குழந்தைக்குக் கொடுக்கறீங்க" என்றான். மகள் முகம் வெளுத்துப்போய்விட்டது. நான் சமையலறைக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பெடுத்து வந்து, "கண்ணு, இதை உன் தண்ணியில போட்டு இன்னொருக்கா வையி பார்க்கலாம்" என்றேன். அவன் தண்ணீரும் அதே கலர்தான். அது அழுக்கே இல்லை, சகோதரிகளே! பெட்டியில் ஒரு கம்பி இரும்பு. தண்ணீரில் உப்பு இருந்தால் கரண்ட் பாயும், இரும்பு கரைந்து துருவாக மிதக்கும். உப்பில்லாத தண்ணீரில் கரண்ட் பாயாது, அவ்வளவுதான். மகள் வீட்டுக்கு ஆர்.ஓ. வேண்டியதுதான், வாங்கவும் வாங்கினோம். ஆனால் பயந்து வாங்கவில்லை, மீட்டரைப் பார்த்து வாங்கினோம்.

இனி மாட்டும் வேலை. மிஷினுக்கு இடம் அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், வெயில் படுகிற ஜன்னலோரமும் வேண்டாம். ஸிங்குக்குப் பக்கவாட்டுச் சுவரில், ப்ளக் பாயிண்ட் மிஷினுக்கு மேலாக இருக்கும்படி. கீழே இருந்தால் என்றைக்காவது கசிந்து தண்ணீர் அதன் மேலேயே சொட்டும்.

எந்தக் குழாயிலிருந்து எடுப்பது? மாநகராட்சிக் குழாயில் நேரடியாக மாட்டினால் தண்ணீர் விடுகிற நாளில் மட்டும்தான் மிஷின் ஓடும். அதனால் மேல்தொட்டியிலிருந்து சமையலறைக்கு வருகிற லைனில் எடுப்பதுதான் முறை. தொட்டிக்கும் மிஷினுக்கும் உயர வித்தியாசம் பாருங்கள். 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ அழுத்தம் என்று கணக்கு. பல மிஷின்களுக்கு 0.3 கிலோவாவது வேண்டும் என்று கூட வரும் புத்தகத்தில் போட்டிருக்கும். அதாவது தொட்டி சுமார் 10 அடி மேலே இருக்க வேண்டும். தொட்டிக்கு நேர் கீழே உள்ள மேல்மாடி வீட்டுக்காரர்கள் இதை அளக்காமல் வாங்கிவிட்டு, மிஷின் மெதுவாக ஓடுகிறது என்று குறை சொல்வார்கள். அழுத்தம் போதாது என்று தெருக் குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சும் வழக்கமும் இருக்கிறது. அதை மட்டும் செய்யாதீர்கள். சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம். உறிஞ்சும்போது, மண்ணுக்குள் குழாயில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கிருந்து சாக்கடையும் சேர்ந்து வரும்.

இன்னொரு ஆபத்து எங்கள் ஊருக்கே உரியது. நல்ல தண்ணி இல்லாத நாளில் உதவட்டும் என்று இரண்டு லைனையும் ஒரு 'டீ' போட்டு இணைத்து நடுவில் ஒரு வால்வு வைத்திருப்பார்கள். வால்வு தேய்ந்தால் ராத்திரியில் உப்புத் தண்ணி நல்ல தண்ணிக்குள் கலக்கும். மிஷின் மாட்டுகிற அன்றைக்கே பிளம்பரிடம், "தம்பி, இந்த ரெண்டு லைனும் எங்கயாவது சேருதுங்களா?" என்று கேளுங்கள். சேர்ந்தால் பிரித்துவிடச் சொல்லுங்கள்.

வேலை ஒன்றும் பெரிசில்லை, ஒரு மணி நேரம்தான். சமையலறை லைனுக்கான வால்வை மூடிவிட்டு, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிய விட வேண்டும். குழாயைக் கழற்றி, சுவருக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு பித்தளை 'டீ' வரும், அதன் பக்கவாட்டில் ஒரு சின்ன வால்வு. மிஷினுக்கான கால் அங்குல வெள்ளை டியூப் அதில்தான் செருகும். மரைகளுக்கு வெள்ளை டெஃப்லான் டேப் சுற்ற வேண்டும், நட்டு திருகுகிற திசையிலேயே. எதிர்த்திசையில் சுற்றினால் திருகத் திருக அவிழ்ந்துகொண்டு வரும். பழைய ஆட்கள் சணல் சுற்றிப் பெயிண்ட் தடவுவார்கள், குடிக்கிற தண்ணீருக்கு அது வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். பிளாஸ்டிக் மரையில் பித்தளையை முறுக்கித் தள்ளினால் விரிசல் விடும். கையால் திருகி, பிறகு ஸ்பேனரில் கொஞ்சம். டியூபை பிளேடால் நேராக வெட்ட வேண்டும். கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டினால் அந்த இடத்தில்தான் பிற்பாடு சொட்டும். வெந்நீர் லைனிலிருந்து எடுக்கவே கூடாது, உள்ளே இருக்கிற சவ்வு வெந்து போகும்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே பழைய செய்தித்தாளை விரித்துவிட்டுப் படுக்கப் போங்கள். காலையில் காகிதம் உலர்ந்திருந்தால் வேலை சுத்தம். பிளம்பர் "ஒண்ணும் கசியாதுங்கம்மா" என்று சொல்வதைவிட இது நம்பகம். முதலில் நிரம்புகிற ஒரு தொட்டித் தண்ணீரைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள், இரண்டு தொட்டியானால் இன்னும் நல்லது.

ஆர்.ஓ. மாட்டியவர்களுக்குக் கழிவுக் குழாய் என்று ஒன்று இருக்கும். சாதாரண வீட்டு மிஷினில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வரைகூட வெளியே போகும். அது சாக்கடையல்ல, உப்புக் கூடின தண்ணீர். மகள் வீட்டில் அந்தக் குழாயை ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்முக்கு இழுத்துவிட்டோம். வீடு துடைக்க, பாத்ரூமுக்கு, எச்சில் பாத்திரம் முதல் தரம் அலச எல்லாம் அதுதான். ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றாதீர்கள், கருகும். தென்னை கொஞ்சம் தாங்கும். ஸிங்க் சாக்கடைக்குள் விடுவதானால் குழாய் நுனி தண்ணீரில் முங்காமல் ஒரு சாண் மேலே நிற்கட்டும். சிக்கனம் என்று நினைத்து அதைத் திரும்ப மேல்தொட்டிக்கே விடுகிற புத்திசாலிகளும் உண்டு. நாளுக்கு நாள் தொட்டியில் உப்பு ஏறி, மிஷின் சீக்கிரமே உட்கார்ந்துவிடும்.

வடிகட்டிய தண்ணீரில் குளோரின் வாசனை இருக்காது. வாசனை போனதோடு காவலும் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஷின் தொட்டியில் தங்குகிற தண்ணீரை அன்றன்றைக்கே செலவழியுங்கள். ஊருக்குப் போகும்போது சின்ன வால்வை மூடி, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள். நம்பி விட்டுப் போன டியூப் கழன்று, வீடு திரும்பியபோது ஹாலில் முழங்கால் நனைந்த குடும்பம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது! திரும்பி வந்ததும் உள்ளே தங்கியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடியுங்கள். கேண்டில் மாற்றிய தேதியைக் காலண்டரில் எழுதுங்கள், சர்வீஸ் ஆள் சொல்லும் தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள். சில சமயம் இரண்டும் ஒத்துப்போகாது. அப்போது மீட்டரை முக்கிப் பாருங்கள். மிஷினிலிருந்து வரும் தண்ணீரில் எண் வழக்கத்தைவிட ஏறிக்கொண்டே போனால்தான் சவ்வு மாற்றும் நேரம்.

கைக்குழந்தைக்குப் பவுடர் பால் கரைப்பதானால் எந்த மிஷின் தண்ணீரானாலும் கொதிக்க வைத்துத்தான் கரைக்க வேண்டும். என் மகளுக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறேன்.

சரவணம்பட்டி சகோதரி முதலில் ஒரு மீட்டர் வாங்கி, வீட்டிலுள்ள ஒவ்வொரு குழாயிலும் என்ன காட்டுகிறது என்று குறித்து எனக்கு எழுதட்டும். இரண்டு லைன் இருக்கிறதா, தொட்டி எத்தனை அடி மேலே இருக்கிறது என்பதையும் சேர்த்து. பதில் அடுத்த இதழிலேயே. கூடவே, மேல்தொட்டி கழுவ பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடுவது என்று கேட்டிருக்கும் அன்னூர் வாசகிக்கும் பதில் வரும்.