குஞ்சுக்கு இருவர், கன்றுக்குத் தாய்

ஆனைமலைக் காடுகளில் பெரிய இருவாச்சியும் உண்டு, யானையும் உண்டு. இரண்டுமே ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஒரே பிள்ளையைத்தான் வளர்க்கின்றன. வளர்க்கும் விதம்தான் வேறு.

பெண் இருவாச்சி உயரமான மரப்பொந்துக்குள் புகுந்து, எச்சத்தையும் பழக்கூழையும் பூசி வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் மிஞ்சும். உள்ளே அதன் இறக்கைச் சிறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. முட்டை பொரிய ஏறத்தாழ 40 நாள் ஆகும். அதுவரை இரை தேடுவது முழுக்க ஆணின் வேலை. குஞ்சு பொரித்த பிறகும் அந்த வேலை தொடர்கிறது. அத்திப்பழங்களைத் தொண்டையில் நிரப்பி வந்து, மரத்தைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கக்கி, அலகு நுனியில் பிடித்து இடுக்கு வழியே கொடுக்கும்.

யானைக்கன்று ஏறத்தாழ 22 மாதம் தாய் வயிற்றில் வளர்கிறது. பிறந்தபின் தாயின் முன்னங்கால்களுக்கு நடுவே உள்ள காம்பில், தும்பிக்கையை ஒதுக்கிவிட்டு வாயாலேயே பால் குடிக்கிறது. கூட்டத்திலுள்ள மற்ற பெண் யானைகள் காவலுக்குத் துணை நிற்கும். தந்தைக் களிற்றுக்கு இதில் பங்கில்லை.

வேறுபாட்டின் வேர் பெரும்பாலும் உணவில் இருக்கிறது. பால் தாயின் உடலில்தான் சுரக்கிறது. தந்தை பக்கத்திலேயே நின்றாலும் ஊட்ட முடியாது. பழத்தையும் புழுவையும் யாரும் சுமந்து வரலாம். முட்டை உடலுக்கு வெளியே இருப்பதால் அடைகாப்பதையும் பங்கிட்டுக்கொள்ளலாம். பறவை இனங்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டிலாவது பெற்றோர் இருவரும் வளர்ப்பில் ஈடுபடுகின்றனர். பாலூட்டிகளில் தந்தை பங்கெடுக்கும் இனங்கள் 10 விழுக்காட்டுக்கு மேல் இல்லை.

விதிவிலக்குகளும் இதையே காட்டுகின்றன. மயில் குஞ்சு பொரித்த கொஞ்ச நாளிலேயே தானே இரை கொத்தும். ஆகவே தாய் மட்டும் போதும். செந்நாய்க் குட்டிகள் இறைச்சி தின்னத் தொடங்கியதும் கூட்டத்து ஆண்களும் கக்கி ஊட்டுகின்றன. புறாக்களின் கதை இன்னும் விசித்திரம். விழுங்கிய இரையைச் சேர்த்து வைக்கும் தீனிப்பையில் ஆண், பெண் இரண்டுக்குமே பால் போன்ற ஒரு கூழ் சுரக்கிறது. அதைத் தூண்டுவது புரோலாக்டின். தாய்ப்பாலுக்குக் காரணமான அதே ஹார்மோன்தான்.

ஆகவே இருவாச்சியை நல்ல தகப்பன் என்றும் களிற்றைப் பொறுப்பற்றது என்றும் சொல்வது சரியாகாது. ஆனால் இனப்பெருக்கப் பருவத்தில் ஓர் ஆண் இருவாச்சி வேட்டையில் விழுந்தால், பொந்துக்குள் இருக்கும் பெண்ணுக்கும் குஞ்சுக்கும் வரும் இரை அன்றே நின்றுவிடும்.